மாரியில் இறுகுகிறது, கச்சானில் வெடிக்கிறது: மரம், மண், பித்தளை மூன்றும் ஒரே மேசையில் சேருமா?

உப்புவெளி_மரம்

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஏழு வருடமாகக் கதிரை, மேசை, அலுமாரி செய்கிறேன்.

பங்குனியில் ஒரு விடுதிக்கு எட்டுப் பேர் இருந்து சாப்பிடும் தேக்கு மேசை செய்து கொடுத்தேன். மேற்பலகை மூன்றடிக்குக் கொஞ்சம் கூட, நாலு பலகை ஒட்டியது. ஆடியில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ஒட்டு அப்படியே நிற்கிறது, பலகைதான் நார் வழியே ஒரு முழ நீளத்துக்கு வெடித்திருக்கிறது. இடையில் ஒரு நாணயத்தைச் சொருகலாம். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிரச்சினை இப்போதுதான். அதே விடுதி பத்து அறைக்கும் ஒரே மாதிரிச் சின்ன மேசை கேட்கிறது. இணையத்தில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார்கள். தாழ்வான மேசை, நடுவில் வட்டத் துளை, துளைக்குள் மண்சட்டி பிடித்தபிடியாக இறங்கியிருக்கிறது, சட்டியில் தண்ணீரும் பூவும், பக்கத்தில் பித்தளை விளக்கு. படத்தில் நல்ல வடிவாக இருக்கிறது. செய்யப் பயமாக இருக்கிறது. இந்த மூன்று வேலையும் சேரும்போது எதை முதலில் யோசிக்க வேண்டும்? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா_ஓடாவி

தம்பி, பழைய மேசையை முதலில் பேசுவோம். மேற்பலகையைச் சட்டத்தில் எப்படிப் பிடித்தீர்கள்?

உப்புவெளி_மரம்

இரும்பு எல் தகடு, நானா. நாலு பக்கமும் இரண்டிரண்டு. ஆணி இறுக்கினேன்.

கிண்ணியா_ஓடாவி

அதுதான். தேக்கின் மேல் பழி இல்லை.

மரம் நார் நீளத்துக்கு அசையாது, அசைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அகலத்துக்கு அசையும். பச்சைத் தேக்கு முழுக்க உலர்ந்தால், வளையத்தோடு சேர்ந்து அறுத்த பலகை நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு அகலம் குறையும். வளையத்துக்குக் குறுக்கே அறுத்தது அதில் பாதிதான். உலர்ந்த மரமும் சும்மா இருக்காது. உங்கள் மூன்றடிப் பலகை மாரி மழைக்கும் கச்சான் என்ற வறண்ட காற்றுக்கும் இடையில் கால் அங்குலம் போய் வரும். அதை எட்டு ஆணியில் கட்டிப்போட்டால் அது எங்கே போகும்? நடுவில் கிழித்துக்கொண்டு போகும்.

மாரி முழுக்கப் பட்டறையில் ஈரம் குடித்த பலகை அது. பங்குனியில் செய்தீர்கள். வைகாசியில் கச்சான் அடிக்கத் தொடங்கியது. எங்கள் கரையில் அந்தக் காற்று ஈரச் சாரத்தை இரண்டு மணித்தியாலத்தில் காய வைக்கும், பலகையை விடுமா?

எங்கள் வாப்பா லாச்சி, அதாவது இழுப்பறை, செய்தால் முதலில் என்ன மாதம் என்று பார்ப்பார். கச்சானில் செய்தால் லாச்சிக்கு மேலே ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இடம் விடுவார். மாரியில் செய்தால் பிடித்தபிடியாகவே விடுவார், அது தானாகக் காய்ந்து இலகுவாகும். சின்ன வயதில் எனக்கு இது விளங்கவில்லை. ஒரே லாச்சிக்கு ஏன் இரண்டு அளவு என்று கேட்டதற்குத் தையில் செய்த லாச்சி ஒன்றையும் ஆவணியில் செய்த லாச்சி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டும் ஒரே மாதிரி ஓடின.

மேற்பலகைக்கு எல் தகடு வேண்டாம். சட்டத்தின் உள்பக்கம் காடி வெட்டி, அதில் நாக்கு நுழைகிற மாதிரி சின்ன மரக்கட்டைகள் செய்து, கட்டையை மட்டும் பலகையில் ஆணியால் பிடியுங்கள். பலகை விரிந்தால் கட்டை காடிக்குள் வழுக்கும். அவ்வளவுதான் வேலை. வெடிக்காது.

உவர்மலை_அக்கா

நானா சொன்னது கையோடு எழுதி வைக்க வேண்டிய விசயம். நான் பட்டறைக்காரி இல்லை, பாடசாலையில் சித்திரம் படிப்பித்தவள். ஆனாலும் ஒன்றைச் சேர்க்கிறேன்.

நம் ஊர் மரம் ஒன்றுக்கே இந்த அசைவின் கதை இருக்கிறது. சாவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயர் மர வியாபாரத்தில் அதற்கு வைத்த பெயரே ‘திருகோணமலை மரம்’. வளைந்து கொடுக்கும், லேசில் முறியாது, அதனால் பீப்பா, துடுப்பு, வண்டி எல்லாவற்றுக்கும் போனது. சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும் அந்தப் பலகை போயிருக்கிறது. அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளக்கும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும்.

நெளிய விட்ட இடம்தான் அந்தப் படகின் பலம். உங்கள் மேசைத் துளையையும் அந்தக் கண்ணால் பாருங்கள்.

நிலாவெளி_விடுதி

நான் மேசை வாங்குகிற பக்கத்து ஆள். தம்பியிடம் கேட்டது என் விடுதி இல்லை, ஆனால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். வருகிறவர்கள் படம் பார்த்துத்தான் அறை பிடிக்கிறார்கள். சட்டிக்கும் மரத்துக்கும் இடையில் இடைவெளி தெரிந்தால் வேலை சரியில்லை என்று நினைப்பார்கள். படத்தில் இருப்பது போலப் பிடித்தபிடியாகச் செய்ய வழியே இல்லையா?

தம்பலகாமம்_சட்டி

ஐயா, வழி இல்லை. சட்டிப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

பத்துச் சட்டி கேட்டால் பத்தும் ஒரே அளவில் வராது. ஒரு அடி அகலத்துக்கு வனைந்தால், காய்ந்து சுட்டு எடுக்கும்போது ஏறத்தாழ ஒரு அங்குலம் குறைந்து நிற்கும். மண்ணைப் பொறுத்து அது கூடும், குறையும். ஒரே சூளையில் நெருப்புப் பக்கம் இருந்தது ஒரு அளவு, ஓரத்தில் இருந்தது ஒரு அளவு. பத்துத் துளையும் ஒரே அளவில் வெட்டிவிட்டு என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய? அதனால் முதல் விதி, சட்டி சுட்டு வந்த பிறகு துளை வெட்டுங்கள்.

இன்னொன்று. மரம் இறுகினால் சட்டி உடையும், அல்லது சட்டி நின்றுகொண்டு மரம் பிளக்கும். சுட்ட மண்ணுக்கு நெளிவு கிடையாது.

அடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுதிக்காரர் எல்லோரும் தட்டை அடி கேட்கிறார்கள், மேசையில் வைக்க வசதி என்று. சமையல் சட்டிக்கு நாங்கள் உருண்டை அடி வைப்பது பழக்கதோசத்தால் இல்லை. சக்கரத்தில் வரும்போது அடி தடித்துத்தான் வரும். அரை ஈரம் காய்ந்ததும் மடியில் வைத்து, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே தட்டுப்பலகையால் அடிப்போம். கல்லும் பலகையும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். சந்தித்தால் சத்தம் ‘டொக்’ என்று கட்டையாக வரும், தவறினால் சத்தம் பறைபோல விரியும். காதால்தான் வேலை. ஒரு சுற்று அடித்து முடித்துவிட்டுக் கொஞ்சம் காய விட்டு, திரும்ப ஒரு சுற்று. அப்படி அடித்து அடித்து அடி மெலிந்து, கழுத்தின் தடிப்புக்கு வந்துவிடும். எல்லா இடமும் ஒரே தடிப்பு. அதனால் ஒரே வேகத்தில் காயும், நெருப்பில் ஒரே மாதிரிச் சூடேறும். தட்டை அடியில் சுவரும் அடியும் சேரும் மூலை இருக்கிறதே, அது பிந்திக் காயும். வெடிப்பு அங்கேதான் தொடங்கும். அடுப்புக்கு வைத்தாலும் அங்கேதான் போகும்.

துளைக்குள் இறங்கப் போகிற சட்டி என்றால் உருண்டை அடிதான் பொருத்தம். கீழே சட்டி தாங்கும் வளையம், திருகணை, ஒன்று வைத்தால் இருக்கும்.

மூதூர்_தயிர்

தம்பலகாமத்து அண்ணா சொல்வது முழுக்க உண்மை. நாங்கள் எருமைத் தயிர் போடுகிற வீடு. சட்டியை எங்களை விட அதிகம் தடவிப் பார்க்கிறவர்கள் குறைவு.

பிளாஸ்டிக் வாளியில் உறைந்த தயிர் தண்ணி விடும். மண்சட்டியில் அந்தத் தண்ணியைச் சுவர் குடித்துவிடும், தயிர் கட்டியாக நிற்கும். குடித்த தண்ணி வெளிப்பக்கம் ஆவியாகப் போவதால் சட்டி குளிர்ந்தும் இருக்கும். சுவர் மிகவும் தடித்தால் பாரம், மெலிந்தால் வாகனத்தில் ஏற்றும்போதே உடைவு.

விளிம்பைப் பாருங்கள். வெளியே மடிந்து, அதன் கீழே ஒரு பள்ளம் ஓடும். வாங்குகிறவர்கள் அதை அழகுக்கு என்று நினைப்பார்கள். கடதாசி மூடி அந்தப் பள்ளத்தில்தான் நூல் சுற்றிக் கட்டுகிறோம். பள்ளம் ஆழம் குறைந்த சட்டி வந்தால் நூல் வழுக்கும், கந்தளாய் போவதற்குள் பாதி மூடி கழன்றுவிடும். அப்படி வந்த ஒரு சுமைச் சட்டியை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மடிப்பு விளிம்புக்குப் பலமும் கொடுக்கிறது, மெல்லிய விளிம்பு கையில் பட்டாலே சில்லுப் பறக்கும்.

இந்த மேசைக்கு அந்த மடிப்பு விளிம்புதான் விடை என்று எனக்குப் படுகிறது. விளிம்பு துளைக்கு மேலே குடைபோல விரிந்து நின்றால் இடைவெளியை அது மறைக்கும்தானே? விடுதி ஐயாவுக்கும் திருப்தி.

உவர்மலை_அக்கா

ஆகா. இதைத்தான் நான் பல வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லப் பார்த்தேன், இவ்வளவு நேராகச் சொல்ல வரவில்லை.

அலங்காரம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் ஒரு பொருத்து இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும். வீட்டுக் குத்துவிளக்கை எடுத்துக் கழற்றிப் பாருங்கள். பாதம், தண்டு, தட்டு, முடி என்று திருகு மறையில் கழன்று வரும். எங்கெங்கே கழல்கிறதோ அங்கெல்லாம் ஒரு வளையம் அல்லது குமிழ் இருக்கும். அந்த வளையம் பொருத்தின் கோட்டை மறைக்கிறது, முறுக்கும்போது விரலுக்குப் பிடியும் கொடுக்கிறது. கடைசல் கால் வைத்த மேசையிலும் அப்படித்தான். சட்டம் வந்து நுழையும் இடத்தை மட்டும் சதுரமாகவே விட்டுவிட்டு, அதற்குக் கீழேதான் கடைசல் தொடங்கும். உருட்டிய இடத்தில் துளை போட்டால் பிடிமானம் இல்லை.

1950ல் நம் ஊரில் கிணறு தோண்டியபோது கோணேசர் கோயிலின் பழைய விக்கிரகங்கள் வெளிவந்தன. பொதுவாக உலாத் திருமேனிகளின் பீடத்தைக் கவனியுங்கள். தண்டு நுழைத்துக் கட்டத் துளைகளும் வளையங்களும் இருக்கும். தெய்வமே ஆனாலும் தோளில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும் என்பதை வார்த்தவர் மெழுகிலேயே யோசித்திருக்கிறார். நாம் ஒரு மேசைக்கு யோசிக்க மாட்டோமா?

பித்தளை_வேலை

அக்கா விளக்கைத் தொட்டதால் வந்தேன். நகரத்தில் பித்தளை, வெண்கலம் பழுதுபார்க்கிற பட்டறை எனது.

தம்பி, துளையின் ஓரத்தில் ஒரு பித்தளை வளையம் பதித்துத் தருகிறேன். மரத்தின் வெட்டு முகம் தெரியாது, சட்டியும் நேராக மரத்தில் உரசாது. சுற்றி எட்டுப் பித்தளை ஆணி. எப்படி?

கிண்ணியா_ஓடாவி

எட்டு ஆணி வேண்டாம் ஐயா. மரம் அசையும்போது வட்டத் துளை முட்டை வடிவமாகும். உங்கள் வளையம் வட்டமாகவே நிற்கும். எட்டு ஆணியில் ஆறு இழுபடும், ஒரு வருடத்தில் துளை தளரும். தம்பியின் எல் தகட்டுக் கதைதான் திரும்ப.

இரண்டு ஆணி போதும். நார் ஓடும் திசையில், வளையத்தின் இந்தத் தலையில் ஒன்று, அந்தத் தலையில் ஒன்று. அந்த இரண்டு புள்ளிக்கும் இடையிலான தூரம் மாறாது, ஏனென்றால் மரம் நீளத்துக்கு அசையாது. குறுக்கே மரம் எவ்வளவு போனாலும் வளையத்தின் மடிப்புக்குக் கீழே வழுக்கிக்கொள்ளும்.

பித்தளை_வேலை

முப்பது வருடமாக வளையம் பதிக்கிறேன், இப்படி யோசித்ததில்லை. அலுமாரிக் கதவில் பதித்த பூட்டுத் தகடுகள் ஏன் ஓரம் தூக்குகின்றன என்று இப்போது விளங்குகிறது. நன்றி நானா.

ஆணி பற்றி என் பக்கமும் ஒன்று சொல்கிறேன். கடற்கரை விடுதிக்கு இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம். உப்புக் காற்றில் துரு பிடிப்பது ஒரு பக்கம், துவர்ப்புள்ள மரத்தில் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை இறங்கும், இழைத்தாலும் போகாது. திருகாணியைப் பித்தளையில் போடுங்கள். ஆனால் பித்தளை மெது, கடின மரத்தில் நேராக முறுக்கினால் தலை முறிந்து கையோடு வரும். துளையிட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்குங்கள். அது வழி வெட்டிவிடும். பிறகு பித்தளைத் திருகாணியில் கொஞ்சம் மெழுகு தடவி ஏற்றினால் வெண்ணெய்போல இறங்கும்.

மழையும் கடல் தெறிப்பும் நேராகப் படும் இடமென்றால் சாதாரணப் பித்தளையும் நிற்காது. துத்தநாகம் கரைந்து போய், செம்பு மட்டும் பஞ்சுபோல மிஞ்சும். அதனால்தான் கப்பல் சாமான்களுக்கான பித்தளையில் நூற்றுக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்க்கிறார்கள். அறைக்குள் வைக்கிற மேசைக்கு இது தேவையில்லை.

விளக்குக்கு என் ஒரே வேண்டுகோள், கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்கட்டும். சிலர் செலவைக் குறைக்க மறைக்குப் பதில் ஈயம் வைத்து ஒட்டித் தருகிறார்கள். பொருத்துக்குள் எண்ணெய் போய்க் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்க்கக்கூட வழியில்லை. தண்டுக்குக் கீழே எண்ணெய் தாங்கும் தட்டு கட்டாயம். தேங்காய் எண்ணெய் தேக்கில் சொட்டினால் அந்த வட்டம் மேசையோடுதான் போகும்.

உப்புவெளி_மரம்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒரு கேள்வி மிச்சம். சட்டியில் தண்ணீர் விட்டுப் பூ போடக் கேட்கிறார்கள். தண்ணீர் கசிந்தால் மரம் என்ன ஆகும்?

தம்பலகாமம்_சட்டி

கசியும். கசியாத சட்டி தருகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் சூளைச் சூட்டில் மண் கண்ணாடிபோல உருகி மூடாது, துவாரம் இருக்கத்தான் செய்யும். தண்ணீர்க் குடம் குளிர்வதே அந்தக் கசிவால்தான். கஞ்சி கொதிக்க வைத்துப் பழக்கினால் குறையும், நிற்காது. உள்ளே வர்ணம் பூசி அடைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், ஆறு மாதத்தில் அது தோல் தோலாக உரியும். எனக்கு மனம் வராது.

பித்தளை_வேலை

உள்ளே ஒரு பித்தளைக் கிண்ணம் வைப்போம். தகட்டில் அடித்துத் தருகிறேன். சட்டியை விடச் சிறிது, எடுத்துக் கழுவலாம். தண்ணீர் கிண்ணத்தில், சட்டி உலர்ந்தே இருக்கும். கையால் அடிப்பதால் நேரம் எடுக்கும். பித்தளை அடிக்க அடிக்க விறைக்கும், மங்கிய சிவப்பு வரும்வரை சுட்டு ஆற வைத்தால்தான் திரும்பவும் இளகும். ஒரு கிண்ணத்துக்கு அப்படி நாலைந்து தடவை.

உவர்மலை_அக்கா

அப்படியானால் சட்டி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். தண்ணீர் பிடிக்காத சட்டியும் அதற்குள் ஒரு கிண்ணமும் பாவனைக்கு வேண்டியதைவிடக் கூடுதல். என் மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன்: சட்டியைத் தண்ணீருக்கு வைக்காதீர்கள். அறைக்கு வருகிறவர்களுக்குப் பழம் வைக்க மண்சட்டி மிகவும் நல்லது, காற்றுப் போய் வரும். பூவுக்குப் பித்தளைக் கிண்ணத்தைத் தனியாக விளக்குப் பக்கத்தில் வையுங்கள்.

நிலாவெளி_விடுதி

என்னிடம் இப்படி ஒருவர் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். பூத் தண்ணீர் தினமும் மாற்றாவிட்டால் நுளம்பு வேறு. தம்பி, அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

உப்புவெளி_மரம்

ஆறு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். ஒரு மாதிரி மேசை செய்துவிட்டேன்.

மேற்பலகை இருபது அங்குல அகலம், காடியும் மரக்கட்டையும் வைத்துத்தான் பிடித்தேன். தம்பலகாமத்து அண்ணாவிடம் போய், சுட்டு வந்ததில் ஒரு சட்டியைத் தெரிந்தெடுத்தேன். மடிப்பு விளிம்பை முக்கால் அங்குலம் விரித்துத் தந்திருந்தார். சட்டிக்கும் வளையத்துக்கும் இடையில் சுற்றிலும் ஒரு நூல் விட்டேன். சட்டியின் பாரம் துளையில் இல்லை, கீழே குறுக்குச் சட்டத்தில் திருகணை வைத்து அதில் இருக்கிறது. வளையத்துக்கு இரண்டே ஆணி, நார் திசையில்.

இரண்டு கிழமை பகலில் வெயிலில் வைத்தேன். பிறகு ஒரு கிழமை ஈரச் சாக்கால் மூடி வைத்தேன். ஒவ்வொரு மாலையும் துளையை அளந்தேன். நார் வழியே பத்து அங்குலம், கடைசிவரை அதே பத்து. குறுக்கே அரை நூல் போய் வந்தது. வளையம் அசையவில்லை, சட்டி அசையவில்லை, விளிம்புக்குக் கீழே நடந்தது வெளியே ஒன்றும் தெரியவில்லை. நான் மட்டும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுதிக்காரர் நேற்று வந்து பார்த்தார். சட்டியைத் தூக்கினார், திரும்ப வைத்தார், இன்னொரு தடவை தூக்கினார். பழத்துக்கு என்றதும் சரி என்றார். பத்தும் செய்யச் சொல்லிவிட்டார். பழைய மேசை வெடித்த கதையையும் காரணத்தையும் சொன்னேன், அதையும் திரும்பச் செய்து தரக் கேட்டிருக்கிறார்.

அண்ணா, இன்னும் ஒன்பது சட்டி எப்போது கிடைக்கும்?

தம்பலகாமம்_சட்டி

சந்தோசம் தம்பி. மண் பிசைந்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வனைகிறேன், சுட்டால் ஒன்றிரண்டு போகும். ஆனால் ஐப்பசி பிறக்கப் போகிறது. மழை இறங்கிவிட்டால் சட்டி காயாது, சூளையும் வைக்க முடியாது, பிறகு தை கழிந்துதான். இந்தக் கிழமைக்குள் விளிம்பு அளவை ஒரு மட்டையில் வெட்டி அனுப்புங்கள், துளையை மட்டும் சட்டி வந்த பிறகு வெட்டுங்கள்.

உப்புவெளி_மரம்

நாளைக் காலை மட்டையோடு நானே வருகிறேன் அண்ணா.